சுவர்ச் சான்றிதழ்

சங்கரன்கோவில் வட்டார விசைத்தறியாளர் நலப் பேரவைக்குக் கட்டடம் ஒன்று, பிரிவு ஐந்து, தண்ணீர்க் கேன் ஐந்து. ஒரு பிரிவுக்காரர் இன்னொரு பிரிவின் கேனில் தண்ணீர் பிடித்துக் குடித்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். எதிர்மேசையிலிருந்து கையை நீட்டிக் கொடுத்துவிட மாட்டார்கள். கடிதம் தபாலில் போய், ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் அதே அறைக்கு வந்து சேரும். இதற்குப் பேரவை வைத்திருக்கும் பெயர் நிர்வாகத் தூய்மை.

உறுப்பினர் பிரிவு, தறிப் பிரிவு, மின் பிரிவு, மருத்துவப் பிரிவு, சான்றிதழ்ப் பிரிவு. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு டேபிள் ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் பேச்சு நின்றதாகச் சொல்கிறார்கள். ஃபேன் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. கொள்கை மட்டும் அசையாமல் நிற்கிறது.

இப்பேர்ப்பட்ட இடத்துக்கு ஒரே செயலி செய்துகொடுக்க ஒப்புக்கொண்டவன் மாரிக்கண்ணன். முப்பது வயது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஜன்னல் வழியாக ராஜபாளையம் பஸ்ஸின் ஹாரன். கெட்டவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, பிற்பாடு உங்களுக்கு அப்படித் தோன்றாது.

செயலியின் பெயர் 'ஒருகுடை'. அதற்குள் ஒவ்வொரு பிரிவும் தன் விதிகளைத் தானே எழுதி வைத்துக்கொள்ளும்: யாருக்கு அட்டை, யாருக்குக் கடிதம், யாருக்கு 'நாளைக்கு வாருங்கள்'. அந்த விதிகளை வரிவரியாகப் படித்து அப்படியே செய்கிற சின்ன நிரலுக்கு இன்டர்பிரட்டர் என்று பெயர். பேரவை கூடி அதற்கு 'வாசிப்பான்' என்று பெயர் சூட்டித் தீர்மானம் போட்டது. செயலி ஒன்று, வாசிப்பான் ஐந்து. ஒப்பந்தத்தின் பதினான்காவது நிபந்தனை சொன்னது: 'ஒரு பிரிவு வாசிப்பானின் மூச்சுக்காற்றும் பிறிதொரு பிரிவு வாசிப்பானின்மீது படலாகாது.' வேடிக்கை என்னவென்றால், பேரவை போட்ட முப்பத்தொரு நிபந்தனைகளில் நியாயமானது அது ஒன்றுதான். ஒன்றின் நினைவில் கிடப்பது மற்றதில் ஒட்டிக்கொண்டால் என்னென்ன விபரீதம் வரும் என்று மாரிக்கண்ணனுக்கும் நன்றாகத் தெரியும்.

மற்ற நிபந்தனைகளை எல்லாம் ஒழுங்காக நிறைவேற்றினான். பொதுக் கடிகாரம் கூடாது என்றார்கள், பிரிவுக்கு ஒரு கடிகாரம் வைத்தான். மருத்துவப் பிரிவு அலுவலர் பிரேமலதா தினமும் நான்கு நிமிடம் தாமதமாக வருகிறவர். அதனால் அந்தப் பிரிவின் நேரம் நான்கு நிமிடம் பின்னால் ஓட வேண்டும் என்று எழுத்துமூலம் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை.

பதினான்காவது நிபந்தனையில்தான் மாரிக்கண்ணன் சறுக்கினான். ஐந்து வாசிப்பான்களையும் ஏற்றினால் பேரவையின் பழைய சர்வர் மூச்சுத் திணறி நின்றது. திறப்பு விழாவுக்கு மறுநாள் முகூர்த்தம். பந்தல் போட்டாயிற்று, நாதஸ்வரத்துக்குச் சொல்லியாயிற்று. அவன் ஐந்து கதவை வரைந்துவிட்டு, உள்ளே ஒரே ஒரு வாசிப்பானை உட்கார வைத்தான். ஒரு பிரிவின் வேலை முடிந்ததும் அது தன் நினைவைத் துடைத்துக்கொண்டு அடுத்த கதவுக்குப் போகும்.

விழாவில் எந்த வாசிப்பான் முதலில் கண் திறக்க வேண்டும் என்று சச்சரவு வந்தது. கடைசியில் ஐந்து அலுவலர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஐந்து பொத்தானை ஒரே நேரத்தில் அழுத்தினார்கள். செயலர் முத்துக்கிருஷ்ணன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"உள்ளே ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காது. இதுவே இச்செயலியின் சிறப்பு. இதைச் சாதிக்க இயந்திரத்துக்கு எவ்வளவோ அறிவு தேவைப்பட்டிருக்கிறது. நாமோ பன்னிரண்டு ஆண்டுகளாக எந்த அறிவும் இல்லாமலே இதைச் சாதித்து வருகிறோம் என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மாரிக்கண்ணனும் தட்டினான்.

ஒரு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தான், துடைக்கிற இடத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஆளின் 'நிலை', அதாவது உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது. ஒருவர் வேலை முடிந்த பிறகும் அவர் நிலை உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். குழம்புச் சட்டியைக் கழுவாமல் அதிலேயே பால் காய்ச்சுவது மாதிரி. பெரும்பாலும் அடுத்த ஆளின் நிலை அதன்மேல் எழுதப்பட்டுவிடும். அடுத்த ஆள் வெறும் கடிதம் கேட்டு வந்தால் மட்டும் எழுதப்படாது. அபூர்வம்தானே என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டான். ஆடித்தபசுத் திருவிழா முடியட்டும், சரிசெய்துவிடலாம் என்றான். இரண்டு ஆடித்தபசு முடிந்தது. மாதம் பிறந்தால் 'சுவர்கள் உறுதியாக உள்ளன' என்று பிரிவுக்கு ஒன்றாக ஐந்து சான்றிதழில் மட்டும் கையெழுத்துப் போட்டான். செயலர் மேலொப்பம் போட்டார். முதல் தடவை பேனாவை இரண்டு முறை மூடித் திறந்தான். பிறகு பழகிவிட்டது, அதுதான் கேவலம்.

ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. வேல்ராஜ் என்ற தறிக்காரர் இறந்துபோனதைப் பதிய அவர் வீட்டார் உறுப்பினர் பிரிவுக்கு வந்தார்கள். உறுப்பினர் பிரிவு அலுவலர் காசிராஜன் பதிந்தார். அடுத்த நொடி, பக்கத்து மருத்துவப் பிரிவுக் கவுண்டரில் கோமதித்தாய் நின்றாள்.

கோமதித்தாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாகத் தறி ஓட்டுகிறவள். அறுந்த இழையைத் தறி நிற்கும் முன்பே கண்டுபிடிக்கிற கண். இப்போது இரண்டு கண்ணிலும் புரை. திருநெல்வேலியில் கண் அறுவைச் சிகிச்சை முகாம், அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பேரவை வாசலிலிருந்து பஸ். மருத்துவப் பிரிவின் பரிந்துரைக் கடிதம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். அவளுக்கு வேண்டியது அந்தக் கடிதம் மட்டுமே.

பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. பிரிண்டரைச் சரிசெய்ய வந்து அங்கே குனிந்திருந்த மாரிக்கண்ணனிடம் அவள் அதை நீட்டினாள்.

"தம்பி, எழுத்தெல்லாம் புகையா தெரியுது. என்ன போட்டிருக்காவன்னு வாசிச்சுச் சொல்லேன்."

அவன் வாசித்தான், மனசுக்குள். 'விண்ணப்பதாரர் காலமாகிவிட்டபடியால் கண் சிகிச்சைக்குப் பரிந்துரைக்க இயலாது. பேரவையின் ஆழ்ந்த இரங்கல்.' எந்த வரி, எந்த இடம், யார் விட்ட வரி என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. உலகத்திலேயே அது தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

"சின்னப் பிழைதாம்க்கா. ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றான்.

"நல்லா இருப்ப" என்று அவள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவன் அறைக்குப் போய்ப் பார்த்தான். அந்தக் கடிதத்துக்காக அன்று ஐந்து பிரிவும் வரிசையாக அவள் உறுப்பினர் எண்ணைச் சரிபார்த்திருந்தன, ஐந்தும் அவள் இறந்ததாக எழுதி வைத்திருந்தன. அதை அழிக்க அவனால் முடியாது. ஆளைச் சாகடிக்க ஒரு வரி போதும். பிழைக்க வைக்க அந்தந்தப் பிரிவு அலுவலர் பெருவிரல் வைக்க வேண்டும். ஏன் வைக்க வேண்டும் என்று அலுவலர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து அவன் வாயைக் கட்டிக்கொண்டான்.

வியாழக்கிழமை கோமதித்தாய் மருத்துவப் பிரிவுக்குப் போனாள். மாரிக்கண்ணன் வேறொரு வேலை இருப்பதுபோல் அங்கே வயரைத் தடவிக்கொண்டு நின்றான்.

"என் கண்ணு முன்னாலதான் நிக்கிய, இல்லைங்கலை" என்றார் பிரேமலதா. "ஆனா என் கண்ணால பாத்ததை வச்சு முடிவெடுத்தா அது என் சொந்த அபிப்பிராயம் ஆயிரும்லா. பதினாறு வருச சர்வீஸ்ல நான் சொந்தமா ஒரு அபிப்பிராயம் வச்சுக்கிட்டதில்லை. வாரிசு யாரும் இருக்காவளா?"

"மக இருக்கா. திருப்பூர்ல."

"அவ வந்து அம்மை உசுரோட இருக்கான்னு எழுதிக் கொடுக்கட்டும். ஆனா அவதான் வாரிசுன்னு காட்டணும்லா, அதுக்கு உங்க இறப்புச் சான்றிதழ் ஒண்ணு எடுத்துக்கிடுங்க."

மேசையில் வேறு வேலை எதுவும் இல்லாததால் பிரேமலதா அவளுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒரு நாற்காலியைக்கூட நகர்த்திப் போட்டார். காலமானவருக்கு நாற்காலி அனுமதிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்ததையும் மாரிக்கண்ணன் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை உறுப்பினர் பிரிவு. காசிராஜன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"இங்கன சாகணும்னா அதுக்கு ஒரு படிவம் இருக்கு, தெரியுமா? வேல்ராஜ் அண்ணாச்சியப் பாருங்க. ரெண்டு போட்டோ, ஆதார் நகல், வார்டு கவுன்சிலர் கடுதாசி, எல்லாம் வச்சு முறையாச் செத்தாரு. நீங்க சொல்லாமக் கொள்ளாமச் செத்திருக்கிய. என் பிரிவுக்கு எம்புட்டு அவமானம்!"

"நான் சாகலையே ஐயா."

"அதைத்தான் விளக்கத்துல எழுதணும்."

அனுமதியின்றி இறந்ததற்கு ஏழு நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தார். வெளியே வேப்பமரத்தடியில் அவள் அதை மாரிக்கண்ணனிடம் நீட்டினாள். அவன் பாதியை மென்று விழுங்கி, மீதியை இனிப்பாக்கி வாசித்தான். விளக்கத்தையும் அவனே எழுதிக் கொடுத்தான். 'நான் இறக்கவில்லை. இறந்ததுபோல் தோன்றியிருந்தால் மன்னிக்கவும்.' அவள் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள். பிறகு எதிர்க்கடைக்குக் கூப்பிட்டு, வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல், அவனுக்கு ஒரு டீயும் உளுந்துவடையும் வாங்கிக் கொடுத்தாள்.

"இத்தனை பேரு இருக்காவ இங்கன. உள்ளத உள்ளபடி வாசிச்சுச் சொல்லுதவன் நீ ஒருத்தன்தான் மக்கா."

வடையைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. டீயை மட்டும் முழுவதும் குடித்தான், மிச்சம் வைத்தால் அவள் வருத்தப்படுவாளே என்று. எல்லாவற்றிலும் கோழையாக இருப்பவனுக்கு இந்த மாதிரி நல்ல குணங்கள் நிறைய வாய்த்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் வேலையை விட்டு அசையவில்லை. தன் கம்ப்யூட்டர் ஒன்றின் மெமரியைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பேரவை சர்வரில் மாட்டினான். ஐந்து வாசிப்பான்களை உண்மையாகவே தனித்தனியாக உட்கார வைத்தான். ஒன்றில் கத்திப் பார்த்தான், மற்ற நான்கும் அசையவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. அரைமணி நேரம் மனசு லேசாக இருந்தது.

திங்கட்கிழமைதான் விஷயம் உறைத்தது. காசிராஜன் விளக்கத்தை ஏற்று, கண்டித்து, பெருவிரல் வைத்து அவளைப் பிழைக்க வைத்தார். உறுப்பினர் பிரிவில் கோமதித்தாய் உயிரோடு இருந்தாள். மற்ற நான்கு பிரிவுக்கும் அந்தச் சேதி போகவில்லை. எப்படிப் போகும்? சுவர் வந்துவிட்டதே. ஓட்டை இருந்தபோது ஒரே மூச்சில் ஐந்து இடத்திலும் செத்தவள், சுவர் எழும்பிய பிறகு ஐந்து இடத்திலும் தனித்தனியாகப் பிழைக்க வேண்டியிருந்தது. தறிப் பிரிவு எழுதாமல் மின் பிரிவு நம்பாது. சான்றிதழ்ப் பிரிவின் கையெழுத்தில்லாமல் தறிப் பிரிவு எழுதாது. மகள் வராவிட்டால் சான்றிதழ்ப் பிரிவின் உயிர்ச் சான்று வேண்டும் என்றது மருத்துவப் பிரிவு. சான்றிதழ்ப் பிரிவு அலுவலர் புதன்கிழமை தவிர மற்ற நாளில் சான்றிதழ் கொடுப்பதில்லை.

மாரிக்கண்ணன் அவளைக் கையைப் பிடித்து மேசை மேசையாகக் கூட்டிப் போனான். உண்மையை மட்டும் எந்த மேசையிலும் சொல்லவில்லை.

புதன்கிழமை மாலை நான்கு ஐம்பத்தெட்டுக்குச் சான்றிதழ்ப் பிரிவு உயிர்ச் சான்றைக் கொடுத்தது. இருவரும் மருத்துவப் பிரிவுக்கு ஓடினார்கள். பிரேமலதா தாளை வாங்கினார், நேரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"இதுல நாலு அம்பத்தெட்டுன்னு இருக்கு. என் பிரிவுல இப்ப நாலு அம்பத்தஞ்சுதான் ஆகுது. இன்னும் எழுதாத கடுதாசிய நான் எப்படி வாங்குதது? செத்த உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். அவர் கண்ணில் உண்மையான பரிவு இருந்தது. அவர் பிரிவில் நான்கு ஐம்பத்தாறு ஆனபோது, வாசல் காவலரின் கைக்கடிகாரத்தில் ஐந்து மணி. பேரவை விதிப்படி காவலர் மெயின் சுவிட்சை இறக்கினார். திரை கறுத்தது.

"மேடம், ஒரு பேப்பர்ல கையால எழுதிக் கொடுத்திருங்க" என்றான் மாரிக்கண்ணன். குரல் கெஞ்சியது.

"கையாலயா?" பிரேமலதா பதறிப்போய்க் கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டார். "ஏலே, அது யாரு எழுதினதுன்னு பாத்தவுடனே தெரிஞ்சிருமே!"

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பஸ் திருநெல்வேலிக்குப் புறப்பட்டது. கோமதித்தாய் பையில் மாற்றுப் புடவையோடு வந்து நின்றாள், பெயர் இல்லை என்றார்கள், திரும்பி நடந்தாள். அடுத்த முகாம் தை மாதம். அதற்குள் ஐப்பசியிலேயே பார்வை வெளிச்சமும் நிழலுமாக ஒடுங்கிவிட்டது. இடது கண்ணில் அழுத்தம் ஏறிவிட்டது, இனி அது திரும்பாது என்று ஊரிலிருந்த மருத்துவர் சொன்னார். தறி நின்றது.

பஸ் போன அன்றைக்கே மாரிக்கண்ணன் செயலர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். எல்லாவற்றையும் கொட்டினான். முத்துக்கிருஷ்ணன் குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்போ ரெண்டு வருசமா சுவரே இல்லைங்குத?"

"இல்ல சார். இப்ப இருக்கு."

"ஏலே, மாசம் அஞ்சு, இருவத்துநாலு மாசம். நூத்தியிருவது சான்றிதழ்ல என் மேலொப்பம் இருக்கு. சுவர் இல்லைன்னா அந்தக் கையெழுத்தையெல்லாம் நான் எதுமேல போட்டேன்? ஒரு பொம்பள தப்பாச் செத்தா அது ஒரு தப்பு. சுவர் இல்லைன்னா நூத்தியிருவது தப்பு. நீயே சொல்லு, எது பெருசு?"

"அந்த அக்காவுக்குக் கண்ணு போயிரும் சார்."

"போவும்" என்றார் செயலர், மனம் கசிந்து. "அதுக்குத்தாம்லே மருத்துவப் பிரிவுன்னு தனியா வச்சிருக்கோம். எனக்கு அதுல தலையிட அதிகாரம் இல்லை. நீ ரொம்ப நொந்துபோயிருக்க. உனக்கு ஒரு மரியாதை செஞ்சாச் சரியாயிரும்."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தான். கார்த்திகையில் ஆண்டுவிழா அழைப்பிதழ் வந்தது. 'சுவர்களைக் காத்த செம்மல்' மாரிக்கண்ணனுக்குப் பொன்னாடை. அணிவிப்பவர், முறையான நடைமுறைகள் வழியே ஐந்து பிரிவுகளிலும் உயிர்த்தெழுந்த உறுப்பினர் கோமதித்தாய். போகாமல் இருந்திருக்கலாம். போனான். இல்லை என்று சொல்ல நாலு பேர் முன்னால் ஒரு காரணம் வேண்டுமே.

மேடையில் செயலர் பேசினார். "ஓர் உறுப்பினர் இறந்தும், நம் நிர்வாகம் அவரைக் கைவிடவில்லை. ஐந்து முறை உயிர்ப்பித்தோம். எந்தப் பிரிவும் மற்றப் பிரிவின் உதவியை நாடவில்லை!"

கோமதித்தாயைப் பக்கத்துவீட்டுக்காரி ஒருத்தி படியேற்றிவிட்டாள். அவள் கையில் பொன்னாடையை விரித்துக் கொடுத்தார்கள். அவள் காற்றில் துழாவினாள்.

"எங்கன தம்பி உன் தோளு?"

அவன் குனிந்தான். அவள் விரல்கள் அவன் காதைத் தொட்டு, கழுத்தைத் தொட்டு, தோளைக் கண்டுபிடித்துப் பொன்னாடையைப் போர்த்தின. ஓரத்தை இழுத்துச் சரிசெய்யும்போது பெருவிரலால் துணியை ஒரு தடவை நெருடினாள். "இழை விட்டிருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். அரங்கம் எழுந்து நின்று தட்டியது. மாரிக்கண்ணன் உடம்பு கூசியது. அம்மணமாக நின்றிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

விழா முடிந்து எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். பக்கத்துவீட்டுக்காரி பொட்டலம் வாங்கப் போக, வாசல்படியில் கோமதித்தாய் அவன் கையைப் பிடித்தபடி நின்றாள். பொன்னாடையை அவன் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கியிருந்தான்.

"அக்கா, உங்களைச் சாகடிச்சது நான்தான்."

அவள் சிரித்தாள். "என்னலே சொல்லுத?"

சொன்னான். கதவு ஐந்து, உள்ளே ஆள் ஒன்று, விட்டுப்போன வரி, போட்ட கையெழுத்து. அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. வாசிப்பான், சுவர் எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. முகத்தை அவன் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"மொத மொதல்ல அந்தத் தாளை உங்கிட்ட நீட்டுனேனே, வாசிச்சுச் சொல்லுன்னு. அப்பவே உனக்குத் தெரியுமா?"

அவன் தலையை ஆட்டினான். அவள் காத்துக்கொண்டே நின்றாள். தலையாட்டியது அவளுக்குத் தெரியாது என்பது அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியிருந்தது.

"தெரியும்க்கா."

அவன் கையிலிருந்து அவள் கை விலகியது. காற்றில் சற்றுத் துழாவிப் படியோரத்துச் சுவரைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி அவள் தனியே இறங்கத் தொடங்கினாள்.